ஓகே அழுத்தியவன்

கம்ப்யூட்டர் திரையில் வரும் செய்தியைப் படிக்காமல் ஓகே அழுத்துகிறவர்களைப் பற்றி நான் நிறையப் பேசியிருக்கிறேன். டீக்கடையில், தறி ஆபீஸில், கல்யாணப் பந்தியில்கூட. "ஜனங்க படிக்கவே மாட்டேங்கிறாங்க சார்" என்பது என் தொழில்முறைப் புலம்பல். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவன் நான்தான் என்பதை மட்டும் இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. சாட்சிகள் ஊருக்குள்ளேயே இருப்பதால், அவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

விசிட்டிங் கார்டில் 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று போட்டிருக்கிறேன். பள்ளிப்பட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நெட்டுக்காரர் என்பார்கள். தெலுங்கு பேசும் வீடுகளில் கம்ப்யூட்டர் அன்னா. விசைத்தறி ஆபீஸ், உரக்கடை, டிடிபி சென்டர், பள்ளிக்கூட லேப் என்று நாலைந்து கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் இருக்கிற இடங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த இடங்களெல்லாம் என்னால் ஓடுகின்றன என்று ஊர் நினைக்கிறது. என்னையும் மீறி ஓடுகின்றன என்பது எனக்குத் தெரியும்.

டேலி என்ற கணக்கு மென்பொருளில் தொடங்குகிறேன். பெரிய அவமானம் அதில்தான்.

ஒரு விசைத்தறி முதலாளியின் ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்றில் டேலிக் கணக்கு முழுவதும் இருக்கிறது. மற்ற இரண்டும் நெட்வொர்க் வழியாக அதே கணக்கைத் திறந்து பில் போட வேண்டும். கணக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு அன்றைக்கு 192.168.1.5 என்ற ஐபி எண் இருந்தது. அதை யார் கொடுத்தது, எவ்வளவு நேரத்துக்குக் கொடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை. மற்ற இரண்டிலும் 'கணக்கு இருக்கும் இடம் 192.168.1.5' என்று எழுதிவைத்தேன். பில் வந்தது. என் பில்லையும் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஐபி எண்ணைக் கொடுப்பது ரூட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்ற ஏற்பாடு. வலைக்குள் வரும் ஒவ்வொரு கருவியும் 'எனக்கொரு எண் வேண்டும்' என்று பொதுவில் கூவும். ரூட்டர் தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு கெடு வைத்துக் கொடுக்கும். கெடு முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் யாருக்கும் சொந்தமில்லை. பாடப்புத்தகத்தில் இது முதல் அத்தியாயம். நான் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து படித்தவன்.

சில வாரம் கழித்து ஒரு 20ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக்கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். விடியற்காலையில் கரன்ட் போய் வந்திருக்கிறது. ரூட்டர், யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியலை மறந்துவிட்டு எழுந்தது. ஆபீஸ் வீட்டோடு ஒட்டியது. முதலாளியின் மகன் முந்தின நாள் வாங்கிய புது போனில் வைஃபை போட்டான். கணக்குக் கம்ப்யூட்டரை இன்னும் யாரும் ஆன் செய்யவில்லை. 5 சும்மா கிடந்தது. ரூட்டர் அதைப் போனுக்குக் கொடுத்துவிட்டது.

"இன்னாபா, கணக்கே காணோம்னு சொல்றாங்க. அஞ்சு வருஷக் கணக்கு. எங்க போச்சு?" முதலாளி போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

போனேன். கணக்கு எழுதும் அக்கா, "தம்பி, நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்னு வருது" என்றார். "அது அப்படித்தான்க்கா வரும், ஓகே குடுங்க" என்றேன். அவர் ஓகே கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அந்த வாசகத்தைத் தேதி போட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு என் வித்தையைக் காட்டினேன். பிங் என்று ஒரு கட்டளை உண்டு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல். ஒரு முகவரியை 'இருக்கிறாயா' என்று கேட்கும். அந்த முனை உயிரோடிருந்தால் 'இருக்கிறேன்' என்று பதில் வரும். 192.168.1.5-ஐக் கேட்டேன். இருக்கிறேன் என்றது. விண்டோஸில் நாலு தடவை கேட்கும். நாலு தடவையும் சொன்னது. "நெட்வொர்க் பக்காவா இருக்கு சார். டேலிதான் கெட்டுப்போச்சு" என்று தீர்ப்பு வழங்கினேன்.

பதில் சொல்லிக்கொண்டிருந்தது மகனின் சட்டைப்பையில் இருந்த போன். அது பொய் சொல்லவில்லை. இருந்தது, இருக்கிறேன் என்றது. நீ யார் என்று நான்தான் கேட்கவில்லை.

டேலியைக் கழற்றித் திரும்பப் போட்டேன். லைசென்ஸ் எண் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கான முறைக்கு இறங்கிவிட்டது. அந்த முறையில் மாதத்தின் ஓரிரு தேதிகள் தவிர வேறு தேதியில் பதிவு போட விடாது. காலையில் கணக்கு மட்டும்தான் காணாமல் போயிருந்தது. என் முயற்சியால் மதியத்துக்குள் தேதிகளும் காணாமல் போயின.

மகன் பைக்கை எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் புறப்பட்டான். அவன் தெருமுனை திரும்பியதும் 192.168.1.5 பதில் சொல்வதை நிறுத்தியது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை, கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்றேன். சாயங்காலம் அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது பதில் மறுபடி வரத் தொடங்கியது. அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்குக் கம்ப்யூட்டர் ஒன்பது என்ற எண்ணோடு பக்கத்து மேஜையில் காலையிலிருந்தே சமத்தாக ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அதோடு திருந்தியிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. கணக்குக் கம்ப்யூட்டருக்கு 5 என்ற எண்ணைக் கையால் நிலையாகப் போட்டேன். நல்ல யோசனை. ஆனால் ரூட்டரிடம் சொல்லவில்லை. அது தன் கையிருப்பில் 5 இன்னும் இருக்கிறது என்று நினைத்து, வந்த பிரிண்டருக்கு அதையே கொடுத்தது. ஒரே வலையில் இரண்டு 5. திரை மூலையில் 'ஐபி அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்' என்று வந்ததை அக்கா போனில் எழுத்துக் கூட்டி வாசித்தார். "அத க்ளோஸ் பண்ணிடுங்கக்கா." அதுவும் நோட்டில் ஏறியது.

192.168 என்று தொடங்கும் எண்கள் உள்வலைகளுக்கென்று 1996இல் வெளியான விதிப்படி ஒதுக்கப்பட்டவை. வெளி இணையத்தில் செல்லாது. அதனால் பள்ளிப்பட்டுத் தறி ஆபீஸிலும், நகரியில் ஒரு மெடிக்கல் ஷாப்பிலும், பாரிஸில் ஒரு வீட்டிலும் ஒரே நேரத்தில் 192.168.1.5 இருக்கலாம், சண்டை வராது. ஒரே ஆபீஸுக்குள் இரண்டு இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. சரியான வைத்தியம் ரொம்பச் சுலபம். ரூட்டரின் கையிருப்பை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, கையால் போடும் எண்களை நூறுக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது கம்ப்யூட்டரின் பிறவி அடையாளமான மேக் முகவரியை ரூட்டரில் எழுதி, இதற்கு என்றைக்கும் இதுதான் என்று கட்டிவைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு நான் வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைச் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். பள்ளிப்பட்டும் கும்மிடிப்பூண்டியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம். ஒன்று மேற்கு ஓரம், மற்றது வடகிழக்கு ஓரம். பஸ்ஸில் திருத்தணி வந்து மின்சார ரயில் பிடித்தால், சென்னை வரை போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். டிஃபால்ட் கேட்வே என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அந்த ரயிலில்தான். தன் வலைக்குள் இல்லாத எந்த முகவரியையும் கம்ப்யூட்டர் நேராகத் தேடிப் போகாது. கேட்வேயிடம் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கும். மாவட்டத்துக்குள்ளேயே போனாலும் எங்களுக்குக் கேட்வே சென்னைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960 மார்ச் வரை பள்ளிப்பட்டின் கேட்வே சித்தூர். எல்லை வகுத்த பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தோம். அவ்வளவு பெரிய மாற்றத்தின்போதுகூட ஊரை ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்தத் தொழிற்சாலையில் எடைமேடைக்கு ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். எடைக்கருவியின் சீரியல் ஒயர் அதில்தான் சேரும் என்பதால் யாரும் மாற்றவில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. ஆபீஸில் இருந்த மற்றவற்றுக்கு அப்டேட் வந்துகொண்டிருந்தது. ஆனால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் டிரைவர்கள் என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரிப்பார்கள். ஆகவே அப்டேட்டை நிறுத்திவைத்தேன். அப்புறம் மறந்தேன்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. ஃபைல் பகிர்வுக்கான எஸ்எம்பி வழியில் இருந்த ஓட்டையில் தானாக நுழைந்து, அடுத்த கம்ப்யூட்டரைத் தானாகத் தேடிக்கொள்ளும். அந்த ஓட்டைக்கான அடைப்பு மார்ச் மாதமே வந்துவிட்டது, நான் வரவிடவில்லை. செய்தி தெரிந்ததும் எல்லா நெட்வொர்க் ஒயரையும் பிடுங்கினேன். அதுவரை சரி. ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு அடைப்பை மறுநாளே வெளியிட்டது. இறக்குவதற்கு நெட் வேண்டும். நெட்டைத்தான் நான் பிடுங்கிவைத்திருந்தேனே. வெளியே ப்ரௌசிங் சென்டருக்குப் போய்ப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்து சொருகினேன். ஆன்டிவைரஸ் எழுந்து ஏதோ சொன்னது. அவசரத்தில் இக்னோர் அழுத்தினேன். உலகத்தை மிரட்டிய வைரஸ் எங்கள் கேட்டைத் தாண்டவே இல்லை. கோப்புகளையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிக் காட்டும் ப்ரௌசிங் சென்டர் வைரஸ், என் பையில் ஏறி, செக்யூரிட்டியின் சல்யூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தது.

அதற்கும் முன்னால் பள்ளிப் பையன்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப். அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ஆம் தேதி எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டுமாக இருக்கும். ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். இடம் போதவில்லை, கேம் ஏறவில்லை என்று ஒரு பையன் கொண்டுவந்தான். லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிடலாம் என்று விண்டோஸுக்குள்ளிருந்தே கை வைத்தேன். 'இந்தப் பகுதி விண்டோஸ் உருவாக்கியதல்ல, வேறு இயங்குதளத்தின் தரவு இதில் இருக்கலாம், அழிக்கட்டுமா' என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டது. யெஸ். அடுத்த முறை ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற வரி மட்டும் மினுக்கியது. எது வேண்டும் என்று கேட்கும் க்ரப் என்ற நிரல், நான் அழித்த பகுதிக்குள்தான் குடியிருந்தது. விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது, திறந்துவிடத்தான் ஆளில்லை. "இது மதர்போர்டு கம்ப்ளைன்ட் தம்பி" என்று பையனிடம் சொன்னேன். அந்தப் பையன் இப்போது ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வரும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பான். என்ன சிரிப்பு என்று நான் கேட்பதில்லை.

கேபிள் நெட் கொடுக்கும் தம்பியோடு வந்த சண்டையை மறைக்க முடியாது, பள்ளிப்பட்டுப் பஜாரில் நடந்தது. உரக்கடையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சிவப்பாக எச்சரிக்கை. ஜிஎஸ்டி தளமும் திறக்கவில்லை. "உன் லைன்ல எவனோ பூந்துட்டான்" என்று அவனை நாலு பேர் எதிரில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் கடைக்கு வந்து திரையைப் பார்த்தான். "அண்ணா, உங்க க்ளாக் பின்னாடி போயிருக்குன்னு போட்ருக்கு." தேதி 2010 என்றிருந்தது. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் இருக்கும். 2010இல் வாழும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காதது, ஆகவே நம்பாது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், கரன்ட் நிற்கும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடிவிடும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதனால்தான் 2032. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். ஆன் செய்யும்போதெல்லாம் 'தேதி சரியில்லை, எஃப்1 அழுத்தவும்' என்று அது பல நாளாகக் கெஞ்சியிருக்கிறது. கடைக்காரருக்கு எஃப்1 அழுத்தச் சொல்லிக்கொடுத்த ஆசான் நான்.

அந்தத் தம்பியிடமே மறுபடி போய் நிற்கும்படி ஆனது மழைக்காலத்தில். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கும், சில சமயம் ஃபைபரும் அறுந்துபோகும். அன்றும் அறுந்தது. நெட் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தது. வெளிச்சம் வரவில்லை, அதாவது கண்ணாடி இழை எங்கோ துண்டாகியிருக்கிறது என்பது அதன் பொருள். நம் கையில் செய்ய ஒன்றுமில்லை, டீ குடிக்கலாம். நான் குண்டூசி எடுத்து ரீசெட் ஓட்டையில் குத்தினேன். பெட்டி பிறந்த நிலைக்குப் போனது. அதிலிருந்த இணைப்புப் பெயரும் பாஸ்வேர்டும் அழிந்தன. தண்ணீர் வடிந்து, இழையை ஒட்டியதும் ஊருக்கெல்லாம் நெட் வந்தது. நான் குத்திய இடத்தில் மட்டும் வரவில்லை. பாஸ்வேர்டு அவனிடம்தான் இருந்தது. கொடுத்தான், மூன்றாம் நாள்.

பள்ளிக்கூட லேபில் நடந்ததுதான் எனக்கே வியப்பானது. மறுநாள் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சுத்தம் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜைக்கு அடியில் ஒரு ஒயரின் முனை அநாதையாகத் தொங்கியது. பாவம், யாருடையதோ கழன்றுவிட்டது என்று ஸ்விட்சில் காலியாக இருந்த துளையில் சொருகினேன். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்சில் இருந்தது.

சில விநாடிகளில் லேப் முழுவதும் செத்தது. காரணம் அழகானது. எண் வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் கூவினால், ஸ்விட்ச் அந்தக் கூவலை எல்லாத் துளைகளுக்கும் அனுப்பும். ஒரு துளை வழியாகப் போனது அந்த ஒயரைச் சுற்றி வந்து இன்னொரு துளையில் நுழையும். புதிதாக வந்தது என்று நினைத்து மறுபடி எல்லாருக்கும் அனுப்பும். ஐபி பொட்டலத்தில் இத்தனை தாவலுக்குப் பின் செத்துப்போ என்று ஒரு எண் உண்டு. ஈதர்நெட் சட்டகத்துக்கு அது கிடையாது, சாகாது. ஒரே கூவல் லட்சக்கணக்கில் பெருகிக் கம்பியை அடைத்துவிடும். இதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985இல் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையைக் கண்டுபிடித்தார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, சுழல் உண்டாக்கும் துளையை மூடிவிடும். நான் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிக்கொடுத்த ஸ்விட்சில் அது இல்லை.

அப்போது இதில் ஒரு வரியும் என் நினைவுக்கு வரவில்லை. வைரஸ் என்றேன். ஒவ்வொன்றாக ஃபார்மேட் செய்யத் தொடங்கினேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்றான்.

"சார், லைட்டெல்லாம் ஒண்ணா மின்னுது."

"வேகமா வேல செய்யுதுன்னு அர்த்தம்பா."

அவன் வாதாடவில்லை. குனிந்து அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய், எழுந்து நின்று சொன்னான்: "சார், இது இங்கயே போயி இங்கயே வருது." பிடுங்கினான். விளக்குகள் தனித்தனியாக மின்னத் தொடங்கின. அதற்குள் நான் அழித்திருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றில், அதிகாரிக்குக் காட்டுவதற்காகப் பிள்ளைகள் செய்துவைத்திருந்த வேலைகள் இருந்தன. தலைமையாசிரியரிடம் வைரஸ் என்றே சொன்னேன். பையன் என்னைப் பார்த்தான், காட்டிக்கொடுக்கவில்லை. சமோசா வாங்கிக்கொடுத்தேன்.

டேலி ஆபீஸ் அக்காவின் நோட்டை ஒருநாள் கேட்டு வாங்கிப் புரட்டினேன். தேதி, நேரம், திரையில் வந்த வாசகம், பக்கத்தில் 'தம்பி ஓகே குடுக்கச் சொன்னார்' என்ற குறிப்பு. பக்கம் பக்கமாக அதே குறிப்பு. பழுது ஒவ்வொன்றும் தன் பெயரையும் காரணத்தையும் அங்கே முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. காசு வாங்கியது நான், ரோகம் அறிந்து எழுதியது அவர்.

இப்போது கைவசம் இன்னொரு செய்தி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பள்ளிப்பட்டில் நான் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் அதுதான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாமலோ, ப்ராசஸர் பழையதாகிப்போயோ, பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்க வழி இருக்கிறது. அதை விளக்கும் அறிவிப்பு திரையில் முழுப்பக்கமாக வந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் 'ரிமைண்ட் மீ லேட்டர் குடுங்க' என்று சொல்லியிருக்கிறேன். அப்படி என்னிடம் கேட்டவர்களில் நீங்களும் ஒருவரானால், தயவுசெய்து அடுத்த முறை அதை மூடாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். புரியாவிட்டால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கும், கூடவே என்னைவிடப் பொறுமையாகப் படிக்கிற யாராவது ஒருவருக்கும் அனுப்புங்கள்.